அரண்மனைப் பிரதிகளும் சேந்தமங்கலமும்

‘பொன்னியின் செல்வன்’ படத்தின் இரண்டு பாகங்களையும் (2022, 2023) உளுந்தூர்பேட்டை வீட்டில் அம்மாவோடு அடுத்தடுத்த இரவுகளில் தொலைக்காட்சியில் பார்த்தேன். ஆதித்த கரிகாலன் செத்து விழுந்ததும் அம்மா கேட்டாள்: “கொன்னவனுங்கள என்னடா பண்ணாங்க?”

படத்திடம் இதற்குப் பதில் இல்லை. மணிரத்னத்துக்கு நந்தினியின் முகம் போதும். ஓர் அரசியல் கொலை, நிறைவேறாத காதலின் முடிவாகக் கரைந்துபோகிறது. கல்கி 1950-54இல் தொடராக எழுதியபோதே கொலைச்சதி பாண்டிய விசுவாசிகளின் பழிவாங்கலாகியிருந்தது. அதாவது குற்றம் வெளியாள் மேல் போயிற்று; சோழ அரசவை கறைபடாமல் தப்பித்தது.

அம்மா கேட்டதற்குப் பதில் காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடிக் கல்வெட்டில் இருக்கிறது. ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுச் சாசனம் அது. சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்று பெயர் சொல்கிறது. ரவிதாசனுக்குப் பஞ்சவன் பிரமாதிராஜன், பரமேசுவரனுக்கு இருமுடிச்சோழ பிரமாதிராஜன் என்று பட்டங்கள். சோழப் பட்டத்தைச் சூடியவனை வெளியாள் என்று எப்படிச் சொல்வது? அவர்கள் நிலம் பறிக்கப்படுகிறது. அவர்களுடையது மட்டுமல்ல; தகப்பன், பிள்ளை, மாமன், பெண் கொடுத்தவன், பெண் எடுத்தவன் என்று உறவுமுறை முழுக்கப் பறிமுதலுக்கு ஆளாகிறது. கொலை இங்கே கத்தியாக வரவில்லை, நிலக்கணக்காக வருகிறது. நம் வரலாற்றாசிரியர்களும் இந்தக் கணக்கைவிடக் கத்தியைத்தான் அதிகம் தேடினார்கள். நீலகண்ட சாஸ்திரி உத்தம சோழன்மேல் ஐயம் கொண்டதும் சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்ததும் கொன்றவன் யார் என்ற கேள்விக்குள்ளேயே நின்ற விவாதங்கள்.

பெரும் செலவில் எடுத்த அரசவைக் கதை என்றாலே இப்படித்தான் என்றும் சொல்லிவிட முடியாது. ‘தி டியூடர்ஸ்’ (2007-2010) தொடருக்குப் படுக்கையறையும் வெட்டுப்பாறையும் அலுக்கவே இல்லை, உண்மைதான். இருந்தும் மூன்றாம் பருவத்தில், 1536இல் மடங்கள் மூடப்படுவதை எதிர்த்து வட இங்கிலாந்து எழுந்த கலகத்துக்கு இடம் தருகிறது. தலைமை தாங்கிய ராபர்ட் ஆஸ்க் 1537இல் யார்க்கில் தூக்கிலிடப்பட்டான். எட்டாம் ஹென்றியின் அரண்மனையில் எடுத்த முடிவு ஒரு கிராமத்தின் வாசலுக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பது அங்கே கொஞ்சமாவது தெரிகிறது. நம் படத்தில் ஜனங்கள் கூட்டம், அவ்வளவுதான்.

எங்கள் வட்டத்திலேயே, கெடிலக் கரையில், சேந்தமங்கலம் இருக்கிறது. காடவர் தலைநகர். காடவர் காலத்து ஆபத்சகாயேசுவரர் கோயிலில் கல்குதிரையைத் தட்டி ஓசை கேட்க ஆட்கள் வருவார்கள். சோழப் பேரரசின் மூன்றாம் ராஜராஜனைக் கோப்பெருஞ்சிங்கன் பிடித்துக்கொண்டுவந்து அடைத்துவைத்த ஊர் இது என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. இதைவிட நாடகம் வேண்டுமா? ஆனால் யாரும் எடுக்கவில்லை. மீண்டு எழும் சோழனைக் காட்டுவது சுலபம், சிறைப்பட்டவனைக் காட்டுவது சங்கடம்.

இதற்கு இரண்டு பிரதிகள் உண்டு. வயலூர்க் கல்வெட்டு காடவனின் சொல்லாடல்: தெள்ளாற்றில் சோழனை வென்று சிறையிட்ட பெருமிதம். கடலூர் அருகே அதே கெடிலத்தின் கீழ்க்கரையில் இருக்கும் திருவந்திபுரத்துக் கல்வெட்டு (1231-32) போசளர்களின் சொல்லாடல். போசள மன்னன் நரசிம்மன் அனுப்பிய அப்பண்ணன், சமுத்திர கோப்பய்யன் என்ற தண்டநாயகர்கள் ஊர் ஊராக அழித்துக்கொண்டு வருகிறார்கள். நடுவில் சிதம்பரத்தில் சாமி கும்பிடுகிறார்கள். பிறகு மறுபடி அழிப்பு. சேந்தமங்கலத்துக்குக் கிழக்கே நாட்டை எரித்து, பெண்களைப் பிடித்து, கொள்ளையிட்டு முன்னேறுகிறார்கள். முற்றுகை நெருங்கியதும் கோப்பெருஞ்சிங்கன் சோழனை விடுவிக்கச் சம்மதிக்கிறான். இவ்வளவையும் அவர்கள் குற்ற ஒப்புதலாகப் பொறிக்கவில்லை, சாதனையாகப் பொறித்தார்கள். பிற்பாடு 1243 முதல் கோப்பெருஞ்சிங்கன் சகலபுவனச் சக்கரவர்த்தி என்ற பட்டத்தோடு ஆண்டான். மூன்றாம் ராஜராஜனும் சோழ மன்னனாகவே நீடித்தான். அரசர்கள் இருவருக்கும் பெரிய நஷ்டமில்லை.

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். “நம்ம சேந்தமங்கலத்துலயா?” என்று ஆச்சரியப்பட்டாள். ராஜாவைப் பற்றி மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. “புடிச்சிட்டுப் போன பொம்பளைங்க என்ன ஆனாங்க?” என்றாள்.

திருவந்திபுரத்துக் கல்வெட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அடுத்த வரிகளில் அது ராஜாவின் விடுதலைக்குப் போய்விடுகிறது.