வெந்நீரில் ஊறிய மாம்பழம்

அக்கா பையன் ஹைதராபாத்தில் எங்களோடு தங்கித்தான் பொறியியல் படிக்கிறான். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அடுப்படியில் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் சின்ன பாட்டில் ஒன்று மிதப்பதைத் தங்கமணி பார்த்துவிட்டாள்.

"என்னடா இது, இருமல் மருந்தா?"

"இல்ல அத்தை... ஃப்ளேவர். சீக்கிரம் ஊறணும்னு வெச்சேன்."

மின்சிகரெட்டுக்கு ஊற்றுகிற திரவம்! கிளிசரின், புரோபைலீன் கிளைகால், நிகோடின், மாம்பழ எசென்ஸ். கலந்தவுடன் காரமாக இருக்குமாம், மணம் கூடிவர இரண்டு மூன்று வாரம் இருட்டில் வைக்க வேண்டுமாம். பயலுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. எங்கள் வீட்டில் நாலு வயதுப் பெண் இருக்கிறாள். மாம்பழ வாசனை அடித்தால் எதையும் வாயில் வைப்பாள். நிகோடின் திரவம் கொஞ்சம் உள்ளே போனாலே குழந்தைக்கு ஆபத்து. திட்டித் தீர்த்தேன், பாட்டில் பறிமுதல்.

கோபம் ஆறியதும் ஒன்று தோன்றியது. தக்காணத்தில் புகையை ஊறப்போடுவது 400 வருடப் பழக்கம். போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்த புகையிலையை பீஜப்பூரில் பார்த்து ஆச்சரியப்பட்ட அஸத் பேக், 1604 வாக்கில் அதை அக்பருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். அக்பர் இரண்டு மூன்று இழுப்பு இழுத்தார், அரண்மனை வைத்தியர் பதறித் தடுத்தார். (ஹூக்காவைக் கண்டுபிடித்ததே அக்பரின் ஹக்கீம் அபுல் ஃபத் கீலானிதான் என்று ஒரு கதை உலவுகிறது. அவர் 1589லேயே இறந்துவிட்டார். என்னால் நம்ப முடியவில்லை.) மகன் ஜஹாங்கீர் 1617ல் புகையிலைக்குத் தடையே போட்டுப் பார்த்தார். யார் கேட்டார்கள்?

ஹூக்காவில் வெறும் இலையை வைப்பதில்லை. இலையை இடித்து வெல்லப்பாகில் பிசைந்தால் குடாக்கு. பழமும் வாசனைச் சாமானும் சேர்த்துப் பானையில் அடைத்து, வாயை மூடி, மாதக்கணக்கில் மண்ணில் புதைத்து வைத்தால் கமீரா. கமீர் என்றால் புளிக்கவைக்கும் பொருள், கமீரி ரொட்டியில் வருகிற அதே சொல். நம் ஊரில் மூக்கைப் பொத்திக்கொள்கிற புகையிலைக் கிடங்கிலும் நடப்பது இதுதான். வெல்லத் தண்ணீர் தெளித்து, அட்டி போட்டு, புரட்டிப் புரட்டிப் பாடம் பண்ணுவார்கள். நுண்ணுயிரும் சூடும் இலைக்குள்ளேயே வேலை செய்து காரத்தைக் குறைக்கும்.

அவசரமும் புதிதல்ல. 1920களில் குண்டூர்ப் பக்கம் வர்ஜீனியா புகையிலை வந்தபோது, கொட்டகைக்குள் குழாய் வழியாகச் சூடு விட்டு, வாரக்கணக்கில் நிழலில் காய வேண்டிய இலையை ஐந்தாறு நாளில் மஞ்சளாக்கினார்கள். 1930ல் ஹைதராபாத்தில் வஸீர் சுல்தான் கம்பெனி தொடங்கியது. அதன் சார்மினார் சிகரெட்டை நம் அப்பா தலைமுறைக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஆனால் அந்தச் சிகரெட் இலைகூட சூட்டில் காய்ந்த பிறகு கிடங்கில் மாதக்கணக்கில் கிடந்துதான் பக்குவப்படும். அடுப்பால் ஈரத்தைத்தான் விரட்ட முடிந்தது.

பையனின் பாட்டிலில் இலையே கிடையாது, அப்புறம் எது புளிக்கும்? சூடு கெட்டியான கிளிசரினை இளக்கிக் கலக்க உதவும், அவ்வளவுதான். கூடவே மெல்லிய மணங்கள் ஆவியாகிப் போகும், காற்றுப் பட்டு நிகோடின் பழுப்பாகும். பழுத்துவிட்டது என்று பயல்கள் நினைப்பது அந்த நிறத்தைப் பார்த்துத்தான். எசென்ஸ் சாப்பிடுவதற்கென்று செய்தது, நுரையீரலுக்கு என்று யாரும் சோதித்ததில்லை. 2019ல் அமெரிக்காவில் கள்ளச்சந்தை கஞ்சாத் திரவங்களில் கலந்த வைட்டமின் ஈ அசிடேட் எத்தனை இளசுகளை ஆஸ்பத்திரியில் தள்ளியது! 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர், அதில் 68 பேர் இறந்தார்கள்.

அதே 2019ல் இந்தியா மின்சிகரெட்டைத் தடை செய்தது. தயாரித்தாலோ விற்றாலோ முதல் தடவைக்கே ஓராண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். 2024ல் தெலங்கானா ஹூக்கா பார்லர்களையும் மூடியது.

அடுத்த ஞாயிறு அவனை சாலார் ஜங் மியூசியத்துக்கு இழுத்துப்போய், கறுப்பு உலோகத்தில் வெள்ளி இழைத்த பிதர் ஹூக்காக்களைக் காட்டினேன். நின்று பார்த்தான். "இதுல என்ன ஃப்ளேவர் போட்டிருப்பாங்க மாமா?" என்றான்.

அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அன்று ராத்திரியே சார்மினார் எக்ஸ்பிரஸ் பிடித்து வந்துவிடுவாள்.