பெயரற்ற பலகைகள்: வீடியோ கேம் கேசட்டின் உள்ளமைப்பு

ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலையில் வெளியிட்ட ஃபேமிகாம் என்னும் விளையாட்டுக் கருவியின் அமைப்பைப் பின்பற்றியவையே, 1990களில் சாமுராய், மீடியா, லிட்டில் மாஸ்டர் முதலிய பெயர்களில் இந்திய வீடுகளின் தொலைக்காட்சிப் பெட்டிகளோடு இணைக்கப்பட்ட கருவிகள். சென்னை பர்மா பஜார் போன்ற சந்தைகளிலிருந்து மதுரைக்கும், மலையடிவாரத்தில் உள்ள எழுமலை போன்ற பேரூர்களுக்கும் இக்கருவிகளுடன் பரவிய கேசட்டுகள் பலவற்றில் செய்தவர் பெயரோ ஊரோ ஆண்டோ இல்லை. அவற்றின் வரலாற்றுக்கு எஞ்சியிருக்கும் முதன்மைச் சான்று, உள்ளிருக்கும் மின்சுற்றுப் பலகையே.

அப்பலகையின் விந்தைகள் பலவற்றுக்கு ஒரே நெருக்கடிதான் காரணம். ஃபேமிகாமின் செயலி, கேசட்டின் 60 இணைப்பு முனைகள் வழியே ஒரு நேரத்தில் 32 கிலோபைட் நிரலையும், அதன் படச்சில்லு 8 கிலோபைட் உருவங்களையும் மட்டுமே இயல்பாகக் காண இயலும். 1985இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் இந்த 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு, நினைவகத்தைப் பகுதிகளாகப் பிரித்து, வேண்டிய பகுதியை வேண்டியபோது செயலியின் கண்ணில் படச் செய்யும் கூடுதல் சுற்று தேவைப்பட்டது. மேப்பர் எனப்படுவது அதுவே. கான்ட்ரா விளையாட்டின் ஜப்பானியப் பதிப்பு கொனாமி நிறுவனம் தனக்கெனச் செய்த மேப்பர் சில்லைக் கொண்டிருந்ததால் அதில் பனிக்காற்று வீசியது, மரக்கிளைகள் அசைந்தன. கடையில் கிடைக்கும் சாதாரணச் சில்லுகளைக் கொண்ட அமெரிக்கப் பதிப்பில் அவை இல்லை.

உரிமமின்றி ஒரே கேசட்டில் பல விளையாட்டுகளைத் திணித்தவர்களுக்குத் தனிச் சில்லு செய்யும் வசதி குறைவு. அவர்கள் 74161 போன்ற மலிவான பொதுச் சில்லுகளைக் கொண்டே வழி கண்டனர். செயலி ஓர் எண்ணை எழுதும் அதே நொடியில் நினைவகமும் தன் எண்ணை அதே தரவுக் கம்பிகளில் வெளியிடுவதால் இரண்டும் மோதும் என்பது இவ்வகைச் சுற்றின் பழைய இடர்ப்பாடு. எழுதப்படும் எண்ணைப் பொருட்படுத்தாமல், எந்த முகவரியில் எழுதப்படுகிறது என்பதையே கட்டளையாகக் கொள்ளும்படி சுற்றை அமைத்து, அந்த மோதலின் பாதிப்பை அவர்கள் தவிர்த்தனர். இது வெறும் சிக்கனம் அன்று, தெளிவான சிந்தனை. களவாக விற்ற பொருள் என்பதற்காக அச்சிந்தனையின் மதிப்பைக் குறைப்பது நேர்மையாகாது.

பலகையை ஆய்பவரை மிகவும் திகைக்க வைப்பது, எந்தச் சில்லுக்கும் உதவாதது போல ஓரத்தில் நிற்கும் ஒரு மின்தேக்கியும் டயோடும் மின்தடையும் ஆகும். கருவியின் ரீசெட் பொத்தானை அழுத்தியதும் செயலியிலிருந்து கேசட்டுக்கு வரும் துடிப்பு நின்றுவிடுகிறது. துடிப்பு நின்றதால் மின்தேக்கி வெறுமையாகிறது. அம்மாற்றத்தை ஓர் எண்ணிச் சில்லு உணர்ந்து ஓர் எண் முன்னேறுகிறது. பட்டியல் திரை ஏதுமின்றி, ஒவ்வொரு ரீசெட்டுக்கும் அடுத்த விளையாட்டு தோன்றும் கேசட்டுகள் இவ்வாறே இயங்கின. மின்சாரம் அறுபடாதவரை எண்ணிக்கை நிலைத்திருக்கும் என்பதால் மின்கலமும் வேண்டியதில்லை.

பலகையின் மேல் சால்டர் துளியால் இணைக்கவோ விடவோ கூடிய சிறு புள்ளிகளும் கவனத்துக்குரியவை. தனி விளையாட்டுக் கேசட்டில் அவற்றுள் சில, திரை பக்கவாட்டில் நகருமா மேல்கீழாக நகருமா என்பதற்கேற்பப் படநினைவகத்தின் ஒரு முகவரிக் கம்பியை எதனோடு சேர்ப்பது என்று தீர்மானித்தன. பல விளையாட்டுக் கேசட்டில் அவ்வேலையை மேப்பர் ஏற்றுக்கொண்டதால், புள்ளிகள் வேறு பணிக்கு வந்தன: தொடக்க நிரல் அவற்றின் நிலையைப் படித்து, பட்டியலில் எத்தனை விளையாட்டுகளைக் காட்டுவது என முடிவு செய்தது. ஒரே பலகையை வெவ்வேறு எண்ணிக்கை அச்சிட்ட மேலொட்டிகளுடன் விற்க இது வழிசெய்தது.

இவற்றைக் கண்டறியும் முறை பொறுமையைக் கேட்பது. மல்டிமீட்டரால் ஒவ்வொரு முனையும் எங்கே செல்கிறது எனத் தடம் பற்ற வேண்டும். சில்லு பெயரின்றிக் கறுப்பு எபாக்சிப் பொட்டுக்குள் மறைந்திருந்தால், முகவரிகளில் எழுதி எழுதி, மறுமொழி மாறும் இடங்களைக் குறித்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. இவ்வாறு கண்டறிந்த மேப்பரைப் பதிவுசெய்யவும் வழி உண்டு: ஃபேமிகாம் விளையாட்டுகளைக் கணினியில் இயக்கும் தம் ஐநெஸ் மென்பொருளுக்காக மராட் ஃபைசுலின் 1996இல் வகுத்த கோப்பு முறை, முதல் 16 பைட்டுகளில் மேப்பரின் எண்ணைக் குறிக்க இடமளித்தது. 256 வகைகளுக்கே இடமிருந்த அந்த எண்வரிசை பின்னர் 4096 ஆக விரிக்கப்பட்டது. ஆயினும் நினைவகத்தை மட்டும் நகலெடுத்தால் சால்டர் புள்ளிகளின் நிலை நகலில் வராது. பட்டியலில் 42 விளையாட்டுகள் காட்டிய கேசட்டும் 64 காட்டிய கேசட்டும் ஒரே கோப்பாகவே பதிவாகக்கூடும் என்பதால், பலகையின் இருபுறப் படங்களும் மேலொட்டியும் அக்கோப்போடு சேர்த்தே பாதுகாக்கப்பட வேண்டும்.