போர்ட் பிளேர்

போர்ட் பிளேர், அந்தமான் நிக்கோபார் தீவுகளின் தலைநகர். தென் அந்தமான் தீவின் கிழக்குக் கரையில், கடலையொட்டி எழும் குன்றுகளின் மேலும் சரிவுகளிலும் அமைந்தது. 2024 செப்டம்பரில் இதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்ற பெயர் சூட்டப்பட்டது. கடலோரச் செங்குத்துச் சரிவில் ஊர் அமைவதற்கு இத்தாலியின் அமால்ஃபி கரையும் சிங்குவே தெர்ரேயும் உலகறிந்த சான்றுகள். அங்கே மலையைப் படிநிலங்களாக்கியவர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கேயே வாழ்ந்த உழவர்கள். போர்ட் பிளேரின் சரிவுகளைத் திருத்தியவர்கள் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள்.

நிலவமைப்பு

இந்தியப் புவித்தட்டு பர்மாத் தட்டின் அடியில் செருகும் இடத்தில் கடலடிப் படிவுகள் மடிந்து உயர்ந்ததால் உருவானவை அந்தமான் தீவுகள். அதனால் குன்றுத்தொடர்கள் வடக்குத் தெற்காக ஓடுகின்றன. இடையிலுள்ள தாழ்நிலங்களில் கடல் புகுந்து அலையாத்திக் காடுகள் வளர்ந்தன. நகரச் சாலைகள் ஏறி இறங்கி வளைந்து செல்வது இதனால்தான். ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மி.மீ. மழை பெய்தாலும் பெரும்பகுதி சரிவில் வழிந்து விரைவில் கடலைச் சேர்கிறது. எனவே கோடையில் தண்ணீர்த் தட்டுப்பாடு உண்டு. தனிக்காரி அணையே நகரின் முதன்மை நீராதாரம்.

வரலாறு

1789இல் ஆர்ச்சிபால்ட் பிளேர் சாத்தம் தீவில் ஒரு குடியேற்றத்தை நிறுவினார். அது 1792இல் பெரிய அந்தமானின் வடகிழக்குப் பகுதிக்கு மாற்றப்பட்டு, நோயால் 1796இல் கைவிடப்பட்டது. 1857 எழுச்சிக்குப் பின், 1858 மார்ச்சில் ஜே. பி. வாக்கர் 200 கைதிகளுடன் வந்து தண்டனைக் குடியேற்றத்தைத் தொடங்கினார். காட்டை வெட்டியதும், பாதை அமைத்ததும், சதுப்பைத் தூர்த்ததும் கைதிகளின் உழைப்பே. அந்த நிலம் பூர்வகுடிகளான பெரிய அந்தமானியர்களுடையது. 1859 மே மாதம் அவர்கள் அபர்தீன் போரில் ஆங்கிலேயரை எதிர்த்து நின்றனர்.

அதிகாரமும் மேடுகளையே தேர்ந்தது. அன்று தலைமையகமாக இருந்த ராஸ் தீவின் வடக்கு உச்சியில் தலைமை ஆணையர் மாளிகை இருந்தது. வைப்பர் தீவின் குன்றின்மேல் தூக்குமேடை நின்றது. 1896க்கும் 1906க்கும் இடையே கட்டப்பட்ட செல்லுலார் சிறையும் கடலை நோக்கிய மேட்டில்தான் எழுந்தது. நடுக் கோபுரத்திலிருந்து ஏழு பிரிவுகள் கிளைத்தன. எழுநூறுக்குச் சற்றுக் குறைவான தனியறைகள். ஒவ்வோர் அறையும் எதிர்ப்பிரிவின் முதுகை நோக்கியதால் கைதிகள் ஒருவரையொருவர் பார்க்க முடியவில்லை. இப்போது மூன்று பிரிவுகளே எஞ்சியுள்ளன. 1979இல் இது தேசிய நினைவுச் சின்னமானது.

மக்கள்

விடுதலையான கைதிகளின் வழிவந்தோரும், பிற்காலத்தில் வங்கம், தமிழ்நாடு, ஆந்திரம், கேரளம் முதலிய பகுதிகளிலிருந்து வந்தோரும் இங்கு வாழ்கின்றனர். 2011 கணக்கெடுப்பின்படி தீவுக்கூட்டத்தில் சுமார் 15 விழுக்காட்டினரின் தாய்மொழி தமிழ். குன்றின்மேல் முருகனை வைக்கும் தமிழ் மரபு இங்கும் தொடர்கிறது. வெற்றிமலை முருகன் கோயில் தீவுத் தமிழரின் முக்கிய வழிபாட்டிடம்.

காணும் முறை

சென்னையிலிருந்து விமானத்தில் சுமார் இரண்டு மணி நேரத்தில் வரலாம். கப்பலில் வருவோர் ஹாடோ துறையில் இறங்குவர். அபர்தீன் கடைத்தெருவின் மணிக்கூண்டிலிருந்து சிறைக்கு ஏறிச்சென்று, பின் கரைக்கு இறங்கி ராஸ் தீவுக்குப் படகேறுவது வரலாற்றை உணர நல்ல வழி.

எதிர்க்கரையிலுள்ள ஹாரியட் மலைக்கு, சாத்தத்திலிருந்து வாகனப் படகில் பம்பூஃப்ளாட் சென்று மலைச்சாலையில் ஏற வேண்டும். 2021இல் மணிப்பூர் மலை எனப் பெயர் மாற்றப்பட்ட இது, ஆங்கிலேய அதிகாரிகளின் கோடை வாழிடமாக இருந்தது. 1872 பிப்ரவரி 8 அன்று இம்மலையேறி இறங்கிய வைசிராய் மேயோவை, அடிவாரத்து ஹோப்டவுன் துறையில் ஷேர் அலி என்ற கைதி குத்திக் கொன்றார். தீவுகள் கிழக்கே தள்ளி இருப்பதால் இந்திய நேரப்படி ஐந்தரை மணியளவிலேயே இருட்டத் தொடங்கும். மலையேற்றத்தைக் காலையில் தொடங்குவதே நல்லது. வெயிலும் மழையும் குறைந்த டிசம்பர் முதல் மார்ச் வரை ஏற்ற காலம்.

இடர்களும் பாதுகாப்பும்

இப்பகுதி மிக உயர்ந்த நிலநடுக்க அபாய மண்டலத்தில் உள்ளது. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தென் அந்தமான் ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்தது. நகருக்கு அருகிலுள்ள சிப்பிகாட்டின் வயல்களில் கடல்நீர் நிலையாகத் தேங்கியது. மேட்டு நிலம் சுனாமிக்குப் புகலிடம். ஆனால் மரங்களை வெட்டி, சரிவைச் செங்குத்தாகக் குடைந்து கட்டினால் அதே மேடு மழையில் சரியும். ஆகவே மேட்டிலுள்ள மரங்களையும் கரையிலுள்ள அலையாத்திக் காடுகளையும் சேர்த்துக் காப்பது இந்நகரத்தின் உயிர்த்தேவை. கைதிகள் கட்டிய பாதைகளும் சுவர்களும் அதே அக்கறைக்கு உரியவை; சிறையைப் போலவே அவையும் அவர்களுடைய நினைவுச் சின்னங்கள்.