போர் ஓய்ந்த பின்னர்



முப்பது ஆண்டுகளுக்கு மேல் நான் பள்ளியில் வரலாறு கற்பித்தேன். இரண்டாம் உலகப் போரை 1939இல் தொடங்கி 1945இல் முடித்துவிடுவது என் வழக்கம். ஒரு நாள் மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, வீடு திரும்பிய போர்வீரர்கள் பிறகு என்ன ஆனார்கள்?” என்று வினவினான். “அது பாடத்தில் இல்லை, உட்கார்” என்றேன். அந்த விடையை எண்ணி இன்றும் நாணுகிறேன்.

2012இல் வெளிவந்த ‘தி மாஸ்டர்’ என்னும் அமெரிக்கத் திரைப்படத்தைக் கண்டபோது அவ்வினா மீண்டும் என்முன் வந்து நின்றது. பால் தாமஸ் ஆண்டர்சன் எழுதி இயக்கிய அப்படம் சிறுவர்க்கு உரியதன்று. ஆயினும் அதன் வரலாற்றுப் பின்னணி அனைவரும் அறியத்தக்கது.

ஃபிரெடி குவெல் என்பவன் போரிலிருந்து திரும்பிய கடற்படை வீரன். எந்த வேலையிலும் நிலைக்க முடியாமல் குடியாலும் சினத்தாலும் சிதைகிறான். 1950இல் லங்காஸ்டர் டாட் என்னும் தலைவனைச் சந்திக்கிறான். முற்பிறவி நினைவுகளைக் கிளறி நோய் தீர்க்கலாம் என்று போதிக்கும் நாவலன் அவன். அதே 1950இல் ‘டயனெடிக்ஸ்’ நூலை வெளியிட்ட எல். ரான் ஹப்பார்டின் சாயல் இப்பாத்திரத்தில் உண்டு.

ஃபிரெடி அவனிடம் மயங்கியது எதனால்? தத்துவத்தின் உயர்வினால் அன்று. டாட் அவனை எதிரே அமர்த்தி, கேள்விமேல் கேள்வி கேட்டு, விடைகளைச் செவிமடுத்தான். அதுவரை ஒருவரும் அவ்வாறு கேட்டதில்லை.

வீரர்களை அமெரிக்க அரசு முற்றிலும் கைவிட்டது என்று சொல்வதற்கில்லை. 1944இல் இயற்றிய சட்டத்தின் பயனாகச் சுமார் 78 இலட்சம் வீரர்கள் கல்வியோ தொழிற்பயிற்சியோ பெற்றனர். ஆனால், உள்ளத்தின் காயத்தை வெளிப்படப் பேச அந்நாடு அஞ்சியது. படைத்துறையின் பணிப்பின்படி, 1945இல் இயக்குநர் ஜான் ஹூஸ்டன் நியூயார்க் மாநிலத்தின் லாங் தீவிலிருந்த படை மருத்துவமனை ஒன்றில் மனம் நொந்த வீரர்களைப் படம் பிடித்தார். ‘லெட் தேர் பி லைட்’ என்பது அப்படத்தின் பெயர். அதைப் பொதுமக்களுக்குக் காட்டப் படைத்துறையே தடை விதித்தது. வீரர்களின் அந்தரங்கத்தைக் காக்கவே என்றது படைத்துறை. போர்வீரன் என்றும் கலங்காதவன் என்ற பெருமை குலையும் என்னும் அச்சமே காரணம் என்றார் ஹூஸ்டன். 1980இல்தான் தடை நீங்கியது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் பேரதிர்ச்சிக்குப் பின்வரும் மனநோய் தனிப்பெயருடன் இடம்பெற்றதும் அதே ஆண்டில்தான். தம் படத்துக்கு ஹூஸ்டனின் படம் துணைநின்றதை ஆண்டர்சனே கூறியுள்ளார்.

இதனின்று நாம் அறிவது யாது? துன்புறுவோன் சொல்லைக் கேட்க நல்லோர் முன்வராவிடில், கேட்பதாகச் சொல்லி வேறொருவன் வருவான். அவன் தருவது மருந்தா மயக்கமா என்று ஆராயும் வலிமை நொந்த மனத்துக்கு இராது. வசீகரத் தலைவர்கள் தம் நாவன்மையால் மட்டும் எழுவதில்லை. பிறருடைய மௌனத்தினாலும் எழுகிறார்கள்.

வகுப்பில் அன்று நானும் அம்மௌனத்திற்குத் துணைபோனேன். வினவிய அந்த மாணவன் இன்று எங்கேனும் இதைக் கேட்டுக்கொண்டிருப்பானாயின், தாமதமாக வந்த என் விடையை ஏற்றுக்கொள்வானாக.