லா லிபர்டாட்: ஒரு துறைமுக ஊரும் அதன் பெயர்களும்

ஆசிரியர் நண்பர்களே, மத்திய அமெரிக்காவின் பசிபிக் கரையில் எல் சல்வடோர் என்று ஒரு சின்ன நாடு இருக்கிறது. அளவில் ஏறக்குறைய நம் பேராக் மாநிலம்தான். தலைநகர் சான் சல்வடோரிலிருந்து தெற்கே 30 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாகப் போனால் லா லிபர்டாட் என்ற துறைமுக ஊர் வரும்.

அங்கே போனால் முதலில் எதைப் பார்ப்பீங்க? கடலுக்குள் நீளும் ஒரு துறைமேடை. அதன் மேல் மீன் சந்தை. மீனவர்கள் படகைத் தண்ணீரில் கட்டி வைப்பதில்லை. கிரேனால் தூக்கி மேடை மேலேயே ஏற்றிவிடுவார்கள். கொஞ்சம் தள்ளி, பாறைகள் நிறைந்த புன்டா ரோக்கா முனையில் உலகின் பல நாட்டு இளைஞர்கள் பலகையோடு அலைக்காகக் காத்திருப்பார்கள். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை, தென் பசிபிக்கில் எங்கோ வீசும் புயல்கள் எழுப்பும் அலை பல ஆயிரம் கிலோமீட்டர் கடந்து வந்து இந்த முனையில் உடைகிறது. அலைச்சறுக்கு விளையாட்டுக்காரர்களுக்கு அதுதான் சொர்க்கம்.

சுற்றுலா விளம்பரங்கள் இதோடு நின்றுவிடும். நாம் வரலாறு சொல்லிக் கொடுக்கிறவர்கள். இன்னும் கொஞ்சம் தோண்டலாம். இந்தக் கரையில் வழங்கும் பெயர்களைக் கேள்வி கேட்டாலே போதும், கதை வெளியே வரும்.

பெரு நாட்டுப் பெயரில் ஒரு பிசின்

லா லிபர்டாட்டுக்கு மேற்கே நீளும் மலைக்கரைக்கு பால்சம் கரை என்று பெயர். அங்கே வளரும் ஒரு மரத்தின் பட்டையைத் தீயால் வாட்டி, அதில் துணியை ஒட்டி வைத்து, ஊறிய துணியை வெந்நீரில் காய்ச்சி நறுமணப் பிசின் எடுப்பார்கள். நஹுவாட் மொழி பேசிய பழங்குடி மக்களின் கைத்திறன் அது. காயத்துக்கு மருந்தாகவும் வாசனைப் பொருளாகவும் ஐரோப்பாவில் அதற்கு நல்ல கிராக்கி.

ஆனால் அதற்கு உலகச் சந்தையில் என்ன பெயர் தெரியுமா? 'பெரு பால்சம்'. ஸ்பானியர் காலத்தில் பெருவின் கயாவ் துறைமுகம் வழியாக அது ஐரோப்பாவுக்குப் போனது. அதனால் அந்தப் பெயர். விளைந்த ஊர் ஒன்று, பெயர் பெற்ற ஊர் வேறொன்று. இன்றும் அந்தப் பெயர் மாறவில்லை.

'விடுதலை' என்ற துறைமுகம்

ஸ்பெயினிடமிருந்து 1821இல் மத்திய அமெரிக்கா பிரிந்தது. 1824இல் இந்தக் கரை துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 'லா லிபர்டாட்' என்றால் ஸ்பானிய மொழியில் விடுதலை.

ஊருக்குப் பெயர் வந்துவிட்டது. ஆனால் கப்பல் ஒதுங்க இயற்கையான வளைகுடா இல்லை. கப்பல்கள் தூரத்தில் நிற்க, சரக்கைச் சிறு படகுகளில் ஏற்றி அலையைத் தாண்டிப் போக வேண்டும். இன்று காசு கொடுத்துத் தேடி வருகிற அதே அலை அன்று ஊருக்குப் பெரிய தலைவலி! 1855இல் பனாமாவில் ரயில் பாதை முடிந்ததும், இந்தக் கரையோரமாக நீராவிக் கப்பல்கள் ஓடத் தொடங்கின. 1860களின் கடைசியில் இரும்புத் துறைமேடை எழுந்தது. மேடை வந்த பிறகும் கப்பல் கிட்டே வர முடியவில்லை. படகில் வரும் பயணிகளை நாற்காலியிலோ கூண்டிலோ உட்கார வைத்துக் கிரேனால் மேலே தூக்கினார்கள்.

காப்பி வந்தது, நிலம் போனது

முதலில் இந்த நாட்டின் பெரிய ஏற்றுமதி அவுரியிலிருந்து எடுக்கும் நீலச்சாயம். அதன் மவுசு குறையக் குறைய, ஆட்சியாளர்கள் காப்பிக்கு மாறினார்கள். காப்பிக்கு ஏற்ற மலைச்சரிவுகளில் பெரும்பங்கு கிராமங்களின் பொதுநிலமாக இருந்தது. 1881, 1882ஆம் ஆண்டுச் சட்டங்கள் அந்தப் பொதுநில உரிமையை ஒழித்தன. நிலம் சில குடும்பங்களின் கைக்குப் போனது. நேற்றுவரை தன் நிலத்தில் சோளம் விதைத்தவர், அடுத்தவர் தோட்டத்தில் காப்பி பறிக்கும் கூலியானார். அந்தக் காப்பி மூட்டைகளில் ஒரு பங்கு 'விடுதலை' என்று பெயர் கொண்ட துறைமேடை வழியாகக் கப்பலேறியது. இந்த முரண்பாட்டை மாணவர்களிடம் சும்மா எடுத்து வையுங்கள்; விளக்கமே தேவைப்படாது.

மொழி அடங்கிப்போன கதை

1920களின் கடைசியில் ஏற்றுமதி வருமானத்தில் சுமார் பத்தில் ஒன்பது பங்கு காப்பியிலிருந்து வந்தது. 1929இல் உலகப் பொருளாதாரம் சரிந்தபோது, அடி நேராகக் கூலிக்காரர் வயிற்றில் விழுந்தது. 1932 ஜனவரியில் மேற்குப் பகுதியில் விவசாயிகள் கிளர்ந்தார்கள். ஜெனரல் மாக்சிமிலியானோ எர்னாண்டஸ் மார்ட்டினெஸின் ராணுவம் சில வாரங்களில் 10,000 முதல் 30,000 பேர் வரை கொன்றதாக வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். இசால்கோ ஊரின் பழங்குடித் தலைவர் பெலிசியானோ அமா தூக்கிலிடப்பட்டார்.

தமிழாசிரியர்களான நாம் கவனிக்க வேண்டியது அதற்குப் பிறகு நடந்தது. பழங்குடி உடையும் மொழியும் உயிருக்கு ஆபத்து என்று மக்கள் அஞ்சினார்கள். ஏற்கெனவே ஒடுங்கிக்கொண்டிருந்த நஹுவாட் மொழியைப் பெற்றோர் பிள்ளைகளிடம் பேசுவதையே குறைத்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடம் கைவிட்டாலும் வீடு காப்பாற்றும் என்று நாம் சொல்வோம் இல்லையா? அங்கே வீடே பயத்தில் வாயை மூடிக்கொண்டது. இன்று அதைச் சரளமாகப் பேசுகிறவர்கள் மிகச் சிலரே, பெரும்பாலும் முதியவர்கள். ஆனாலும் சான்டோ டொமிங்கோ டி குஸ்மான் என்ற ஊரில், அந்த மொழி தெரிந்த மூத்த பெண்கள் பாலர் வகுப்புக் குழந்தைகளிடம் நஹுவாட்டிலேயே பேசிப் பழக்கும் முயற்சி நடந்து வருகிறது.

அலை விலைபோன காலம்

1960களில் அகாஹுட்லாவில் நவீனத் துறைமுகம் வந்ததும் லா லிபர்டாட்டின் சரக்கு வேலை மெல்லக் குறைந்தது. ஏறக்குறைய அதே காலத்தில்தான் அமெரிக்க அலைச்சறுக்கு இளைஞர்கள் இந்த முனையைக் கண்டுபிடித்தார்கள். 1978இல் வெளிவந்த 'பிக் வென்ஸ்டே' என்ற ஹாலிவுட் படத்தின் சில காட்சிகள் இந்த நாட்டில் எடுக்கப்பட்டவை. பிறகு உள்நாட்டுப் போர். 1980 முதல் 1992 வரை சுமார் 75,000 உயிர்கள் போயின. போர் முடிந்தும் கும்பல் வன்முறை ஓயவில்லை.

2019இல் பதவிக்கு வந்த நயீப் புக்கேலே அரசு இந்தக் கரைக்கு 'சர்ஃப் சிட்டி' என்று ஆங்கிலத்தில் பெயர் சூட்டியது. 2021இல் உலக அலைச்சறுக்குப் போட்டி இங்கே நடந்தது. 2022 மார்ச்சில் அவசரநிலை வந்து, 80,000க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். பயமில்லாமல் தெருவில் நடக்கிறோம் என்று பலர் நிம்மதி அடைகிறார்கள். குற்றமில்லாதவர்களும் சிறையில் இருப்பதாக மனித உரிமை அமைப்புகள் சொல்கின்றன. இரண்டையும் சேர்த்தே மாணவர்களிடம் பேசுங்கள்.

வகுப்பில் செய்து பார்க்க

1. 'பெரு பால்சம்', 'லா லிபர்டாட்', 'சர்ஃப் சிட்டி' மூன்றையும் பலகையில் எழுதுங்கள். பெயரை வைத்தவர் யார், அதில் இடம்பெறாத மக்கள் யார் என்று குழுவாகப் பேசச் சொல்லுங்கள்.

2. நம் கிள்ளான் துறைமுகம் 1972 வரை போர்ட் சுவெட்டன்ஹாம். அங்கே வந்து இறங்கிய தோட்டத் தொழிலாளர்களின் பெயரில் எந்த இடமாவது இருக்கிறதா? மாணவர்கள் தேடி வரட்டும்.

3. பசாரில் கேட்கும் 'தொமாத்தோ' என்ற சொல்லுக்கு மூலம், நஹுவாட்டின் உறவு மொழியான மெக்சிகோவின் நஹுவாட்ல் மொழியில். பேசும் மக்களை ஒடுக்கினாலும் சில சொற்கள் கடல் தாண்டிவிடுகின்றன. உங்கள் மாணவர் வீட்டில் தாத்தா பாட்டி பேசி, இப்போது யாரும் பேசாத ஐந்து தமிழ்ச் சொற்களைப் பொருளோடு எழுதி வரச் சொல்லுங்கள். கேட்டு எழுத ஒரு வாரம் கொடுங்கள். தாத்தா பாட்டியோடு உட்கார்ந்து பேச அந்த நேரம் வேண்டும்.