நூற்பேழைகளும் தொகுப்பு நெறியும்

நூலின் வரலாற்றை ஆராய்வோர் ஏட்டையும் தாளையும் அச்சையும் நோக்குவர். அவற்றைத் தாங்கி நின்ற மரத்தையும் இரும்பையும் நோக்குவார் மிகச் சிலரே. எனினும், ஒரு சமுதாயம் தன் நூல்களை எங்கே வைத்தது, யார் கைக்கு எட்டுமாறு வைத்தது என்பவற்றை அறிந்தாலன்றி அச்சமுதாயத்தின் கல்வி வரலாறு முழுமை பெறாது.

இவ்வாராய்ச்சி இன்று வேண்டப்படுதற்குத் தனிக் காரணமும் உண்டு. 1980க்குப் பின்னர் இத்தாலி நாட்டுப் பின்நவீனத்துவ வரைவாளர் அமைத்த நூலடுக்குகள் கலைப்பொருள்களாகத் தொகுக்கப்படலாயின. நம் நாட்டுச் சண்டிகர் நகரில் கழிவென ஏலம் விடப்பட்ட மரப்பொருள்கள் பின்னர் அயல்நாட்டு ஏலங்களிற் பெருவிலை பெற்றன. செட்டிநாட்டு வீடுகளின் பேழைகளும் பெட்டகங்களும் காரைக்குடிக் கடைத்தெருவுக்கு வந்து சேர்ந்தன. இம்மூன்றையும் ஒருங்கு வைத்து நோக்கின், நூலடுக்கை வரலாற்றுச் சான்றாக்குவது அதன் பழமையோ விலையோ அன்று, அதனைப் பற்றிய பதிவே என்பது புலனாகும். அதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கம். முதற்கண் தமிழகத்தில் நூல் காக்கப்பட்ட முறையைச் சுருங்கக் காண்போம்.

பண்டாரமும் பெட்டியும்

ஏட்டுச் சுவடிக்கு அடுக்கு வேண்டுவதில்லை. ஓலைகளைத் துளையிட்டுக் கயிறு கோத்து, மேலும் கீழும் மரச்சட்டம் வைத்துக் கட்டினால் அதுவே தனக்குத் தான் காப்பாகும். கட்டிய சுவடிகளைப் பெட்டியிலிட்டனர், பரண்மேல் ஏற்றினர். கோயில்களில் நூல்களைக் காத்த இடம் சரசுவதி பண்டாரம் எனப்பட்டது. சிதம்பரத்தில் இப்பண்டாரம் இருந்தமையைக் கல்வெட்டு உணர்த்துகின்றது. திருவரங்கக் கோயிலிலும் இத்தகைய பண்டாரம் ஒன்று அமைக்கப்பெற்றமை கல்வெட்டால் அறியப்படும். பண்டாரம் என்னும் சொல்லே, நூல் பொன்னோடும் நெல்லோடும் ஒப்பக் காக்கப்பட்ட செல்வம் என்னும் கருத்தைத் தருவது காண்க.

காத்தல் வேறு, பூட்டுதல் வேறு. தில்லையில் அடைத்துக் கிடந்த அறையைத் திறந்தபொழுது தேவார ஏடுகள் பல கறையானுக்கு இரையாகிக் கிடந்தன என்று திருமுறைகண்ட புராணம் கூறும். அச்செய்தியைப் புராண மரபாகவே கொள்ளினும், பயிலப்படாத நூல் அழியும் என்னும் உண்மையை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர் என்பதற்கு அது சான்றாகும். தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோசி (1798-1832) பெருக்கிய அரண்மனை நூற்களஞ்சியம் 1918இற் பொது நூலகமாயிற்று. செல்வமாகக் காக்கப்பட்டது பயன்பாட்டுக்கு உரியதாக மாறிய வரலாற்றை இவ்வாண்டு குறிக்கின்றது.

அலமாரி, பீரோ: சொற்கள் தரும் சான்று

அச்சு நூல் நிமிர்ந்து நிற்பது. முதுகில் தன் பெயரைத் தாங்குவது. ஆகவே அதற்கு நிலையான தட்டு வேண்டியதாயிற்று. அத்தட்டோடு புதிய சொற்களும் தமிழில் வந்தன. அலமாரி என்பது போர்த்துக்கீசியரின் ‘அர்மாரியோ’ என்பதன் திரிபு. அதற்கு மூலமாகிய ‘அர்மாரியும்’ என்னும் இலத்தீன் சொல் உரோமர் காலத்தே நூல் வைக்கும் பேழையையும் குறித்தது. பீரோ என்பதோ பிரெஞ்சு மொழியில் எழுதுமேசையைக் குறிக்கும் சொல். தமிழிற் பொருள் மாறி, பூட்டி வைக்கும் நிலைப்பேழைக்குப் பெயராயிற்று. எழுதுதற்குரிய பொருளின் பெயர் பூட்டுதற்குரிய பொருளுக்கு ஆனமை சிந்திக்கத்தக்கது. கோத்ரெஜ் நிறுவனம் 1923இல் இரும்புப் பேழைகளைச் செய்யத் தொடங்கிய பின்னர், பீரோ என்றால் இரும்புப் பேழையே என்னும் வழக்கு நாளடைவில் வேரூன்றியது. கறையான் மிகுந்த நாட்டில் இரும்பு வெற்றி பெற்றதில் வியப்பில்லை.

கைக்கெட்டும் தட்டு

நூலடுக்கு எவ்வாறு அமைதல் வேண்டும் என்னும் வினாவைக் கொள்கை நிலைக்கு உயர்த்தியவர் சீகாழியிற் பிறந்த சீ. இரா. அரங்கநாதன் (1892-1972) ஆவர். சென்னைப் பல்கலைக்கழக நூலகராயிருந்தபொழுது 1931இல் அவர் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தனுள் முதல் விதி, நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது. ஐரோப்பிய நூலகங்கள் பண்டு நூல்களைச் சங்கிலியாற் பிணைத்து வைத்த நிலையை எடுத்துக்காட்டி, நூலகத்தின் இடம், திறந்திருக்கும் நேரம், மரப்பொருள்கள் ஆகியன யாவும் அம்முதல் விதிக்கு அடங்க வேண்டும் என அவர் விளக்கினார். ஏணியின்றி எட்டாத தட்டு அவ்விதிக்கு முரணானது. அடுக்கின் உயரத்தை உத்தரம் அளக்கக்கூடாது. படிப்பவன் கை அளக்க வேண்டும்.

அதே 1931ஆம் ஆண்டில் மன்னார்குடியைச் சார்ந்த மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்பார் மாட்டு வண்டியில் நூல்களை அடுக்கி ஊர்தோறும் கொண்டு செல்லும் நடமாடும் நூலகத்தைத் தொடங்கினார். படிப்பவனை நாடி அடுக்கே நடந்தது. தமிழக நூலடுக்கு வரலாற்றில் இவ்வண்டிக்கு உரிய இடம் சிறிதன்று.

பயனைத் துறந்த அடுக்கு

அரங்கநாதன் வகுத்த நெறிக்கு நேர் எதிர்முனையில் நிற்பது மிலான் நகரத்தில் எழுந்த ‘மெம்பிசு’ குழுவின் படைப்பு. எத்தோரே சொட்சாஸ் (1917-2007) என்னும் கட்டட வரைவாளர் 1980ஆம் ஆண்டின் இறுதியில் இளைஞர் சிலரைத் தம் வீட்டிற் கூட்டி இக்குழுவை அமைத்தார். 1981 செப்டம்பரில் நிகழ்ந்த முதற் கண்காட்சியில் ‘கார்ல்டன்’ என்னும் நூலடுக்கு இடம் பெற்றது. ஏறத்தாழ 2 மீட்டர் உயரமுடைய அது அறைக்கு நடுவே தனித்து நிற்பது; சாய்ந்த பலகைகளை உடையது; பல வண்ணத் தகடு ஒட்டியது; உச்சியில் மனிதன் கைவிரித்து நிற்பது போன்ற தோற்றம் தருவது. சாய்ந்த பலகைமேல் நூல் நேராக நில்லாது. வடிவம் பயனைப் பின்பற்ற வேண்டும் என்னும் நவீனத்துவக் கோட்பாட்டை மறுத்தெழுந்த பின்நவீனத்துவத்திற்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

இவ்வடுக்குக்கும் நம் நாட்டுக்கும் தொடர்பு இல்லாமலில்லை. சொட்சாஸ் 1961இல் இந்தியாவிற் பயணம் செய்தார். அதன் பின்னர்ச் சிவனுக்குரிய காணிக்கைகள் எனப் பெயரிட்டு 1964இல் மட்கலங்களை வனைந்தார். 1982இல் மெம்பிசு வெளியிட்ட பேழை ஒன்றற்கு மலபார் என்றே பெயரிட்டார். மேலும், அவர் கையாண்ட ஒட்டுத் தகடு சிற்றுண்டிக் கடை மேசைகளுக்குரிய மலிவான பொருள். நம் ஊர்த் தச்சர் மைக்கா என வழங்குவதும் அவ்வினத்ததே. எளியோர் கடையிலிருந்த தகட்டைச் செல்வர் கூடத்துக்கு ஏற்றியதே அவர் செய்த புரட்சி.

இப்பொருள்கள் விரைவிலேயே தொகுப்பாளர் கைப்பட்டன. ஆடை வரைவாளர் கார்ல் லாகர்பெல்டு தம் மொனாக்கோ இல்லத்தை இவற்றால் நிரப்பிப் பின்னர் 1991இல் ஏலத்தில் விற்றார். பாடகர் டேவிட் போவியின் தொகுப்பு 2016இல் இலண்டனில் ஏலம் போயிற்று. ஈண்டு நாம் கருதத்தக்கது விலையன்று. ஒவ்வொரு பொருளுக்கும் வரைந்தவர் பெயர், ஆண்டு, செய்த நிறுவனம், உடையவர் வரிசை ஆகிய அனைத்தும் எழுத்தில் உள்ளன. மைக்கா ஒட்டிய பலகையைக் கலைப்பொருளாக்கியதில் அவ்வெழுத்துக்குப் பெரும்பங்குண்டு.

சண்டிகர் தரும் பாடம்

1950களில் எழுந்த சண்டிகர் நகரத்துக்குக் கட்டடக் கலைஞர் பியேர் ழான்னரேயும் அவரோடு பணியாற்றிய இந்தியக் கலைஞரும் நாற்காலி, மேசை, நூலடுக்கு முதலியவற்றை வரைந்தனர். உள்ளூர்த் தச்சர் பலர் அவற்றைத் தேக்கிற் செய்தனர். இவை அலுவலகங்களிலும் பல்கலைக்கழக நூலகத்திலும் நெடுங்காலம் பயன்பட்டன. கால் உடைந்தும் பிரம்பு கிழிந்தும் போனவை கழித்து ஒதுக்கப்பட்டுக் குறைந்த விலைக்கு ஏலம் விடப்பட்டன. பாரிசு வணிகர் அவற்றை வாங்கிச் செப்பனிட்டு உலகச் சந்தைக்குக் கொண்டு சென்றனர். 2011இல் இந்திய உள்துறை அமைச்சகம் இவற்றின் விற்பனையையும் ஏற்றுமதியையும் தடுக்க ஆணையிட்டது. எனினும் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் இத்தகைய பொருள்களுக்கு 100 ஆண்டுப் பழமையை வேண்டுதலின், அச்சட்டத்தின் காப்பு இவற்றுக்குக் கிட்டவில்லை.

இவ்வரலாற்றில் ஆராய்ச்சியாளர் கருத வேண்டிய குறிப்பு ஒன்று உண்டு. இப்பொருள்களின் பின்புறத்தில், எத்துறைக்கு உரியது, எத்தனையாவது பொருள் என்று அலுவலக எழுத்தர் வண்ணத்தால் எழுதுவித்த எழுத்தும் எண்ணும் காணப்படும. இருப்புக் கணக்குக்காக எழுதப்பட்ட அவ்வெண்ணே இன்று போலியினின்று மெய்யைப் பிரித்தறியும் அடையாளங்களுள் ஒன்றாயிற்று. புகழ்பெற்ற வரைவாளர் கையொப்பம் இடாத இடத்தில், பெயர் அறியாத எழுத்தர் இட்ட எண் சான்றாக நிற்கின்றது.

செட்டிநாடும் திருச்சிராப்பள்ளியும்

செட்டிநாட்டின் நிலை இவ்விரண்டினும் இரங்கத்தக்கது. பர்மாத் தேக்கால் நிறைந்த அவ்வீடுகளின் செழுமை 1930களின் பொருளாதார வீழ்ச்சியாலும் 1942இற் சப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதாலும் தளர்ந்தது. வீடுகள் பிரிக்கப்பட்டபொழுது பேழையும் பெட்டகமும் கதவும் தூணும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளை அடைந்தன. எவ்வூர், எவ்வீடு, எவ்வறை, உள்ளே இருந்தது ஏடா ஏட்டுக்கணக்கா என்பன பெரும்பாலும் பொருளோடு வருவதில்லை. மெருகு ஏற்றும்பொழுது, எஞ்சிய எழுத்தும் மறைகின்றது. இதற்கு மாறாக, முட்டுக்காட்டுத் தட்சிணசித்திரா அருங்காட்சியகம் (1996) செட்டிநாட்டு வீடொன்றைப் பெயர்த்தெடுத்து மீள நிறுத்தியுள்ளது. அங்குப் பொருள் தன் இடத்தோடு சேர்ந்து பேசுகின்றது.

திருச்சிராப்பள்ளி இவ்வாராய்ச்சிக்கு ஏற்ற களமாகும். தூய வளனார் கல்லூரி 1883இல் நாகப்பட்டினத்திலிருந்து இந்நகருக்கு வந்தது. தேசியக் கல்லூரி 1919இலும், சமால் முகமது கல்லூரி 1951இலும் தோன்றின. ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட கல்வி வாழ்வில் எவ்வெவ்வகை அடுக்குகள் இந்நகரில் நூல் தாங்கின என்பதை இவற்றின் இருப்புப் பதிவேடுகளைக் கொண்டு ஆராயலாம். இல்லங்களின் வரலாறும் இங்கு அடுத்தடுத்துக் கிடைக்கும். திருவரங்கத்து வீதிகளின் பழைய வீடுகளில் பரணும் மாடமும் பெட்டியும் உண்டு. கே.கே. நகர் போன்ற பிற்காலக் குடியிருப்புகளிற் சுவரோடு கட்டிய சிமெண்டுத் தட்டும், பீரோவும், மைக்கா ஒட்டிய பலகையும் உண்டு. பழைய வீட்டினின்று புதிய வீட்டுக்குக் குடிபெயரும் குடும்பம், படியேறாத பேழையை விற்றுவிட்டே செல்லும். சான்று அழியும் நேரம் அதுவே.

தொகுப்பு நெறி

ஆகவே தொகுப்பாளர்க்கு முந்தித் தமிழ்த்துறை மாணவர் செல்ல வேண்டும். அவர் பொருளை விலைக்கு வாங்க வேண்டியதில்லை. ஐந்து செய்திகளை எழுதிக்கொண்டால் போதும். அளவும் மரமும், மூட்டுவாய் அமைந்த முறை, மேலே எழுதப்பட்ட எண், பெயர் முதலியன, நின்ற இடமும் உள்ளிருந்தனவும், அதனை அவ்வீட்டாரும் தச்சரும் வழங்கும் பெயர். இவற்றுள் ஐந்தாவது தமிழாராய்ச்சிக்கே சிறப்பாக உரியது. பொருள் வேறோரிடத்திற் காக்கப்படலாம். ஆனால் வழங்குவோர் மறைந்தபின் வழக்குச் சொல் எக்கடையிலும் கிடைக்காது.

தொகுத்தல் தீதென்பது ஈண்டுக் கருத்தன்று. மெம்பிசு அடுக்குகளின் விவரம் இவ்வளவு துல்லியமாகக் கிடைத்தற்குத் தொகுப்பாளர் ஆர்வமும் ஒரு காரணமே. ஆயினும் பதிவின்றி இடம் பெயர்ந்த பேழை நல்ல மரமாக எஞ்சுமேயன்றி வரலாறாக எஞ்சாது. கல்லூரிகளும் பல்கலைக்கழகத் துறைகளும் பழைய அடுக்குகளைக் கழித்து ஏலத்துக்கு அனுப்புமுன், அவற்றின் பின்புறத்தை ஒருமுறை சுவரினின்று திருப்பி, எழுதியிருப்பதைப் படியெடுத்துக்கொள்வது எளிய செயல். அதற்குச் செலவு இல்லை. தவறவிட்டால் ஈடும் இல்லை.