பாலஸ்தீனர்களை மொத்தமாக வெளியேற்றிவிட முடியுமா?

காஸா பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நமக்குள் இரண்டு பதில்கள் மோதிக்கொள்கின்றன. "இருபது இலட்சம் பேரை யார் லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் எங்கே இறக்க முடியும்? எல்லாம் வெற்று மிரட்டல்" என்கிறது ஒன்று. "எல்லாம் முடிந்துவிட்டது, இனி அந்த மண்ணில் பாலஸ்தீனர் மிஞ்சப் போவதில்லை" என்கிறது மற்றொன்று. முதல் பதில் நம்மை அசட்டையாக்குகிறது. இரண்டாவது நம்மைச் செயலற்றவர்களாக்குகிறது. இரண்டையும் ஒதுக்கி வைத்துவிட்டு வரலாற்றைக் கேட்போம். ஒரு மக்களை அவர்களுடைய மண்ணிலிருந்து பெயர்த்தெடுக்கும் வேலை எப்போது நடந்தேறியிருக்கிறது, எப்போது தோற்றிருக்கிறது?

இந்தத் திட்டத்துக்கு முன்மாதிரியாகக் காட்டப்பட்டது, 1923 ஜனவரியில் லோசான் நகரில் கிரீஸும் துருக்கியும் செய்துகொண்ட மக்கள் பரிமாற்ற ஒப்பந்தம். சுமார் 12 இலட்சம் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் கிரீஸுக்கும், 4 இலட்சத்துக்குச் சற்றுக் குறைவான முஸ்லிம்கள் துருக்கிக்கும் போனார்கள். மதம் ஒன்றே அளவுகோல். துருக்கி மொழியைத் தவிர வேறு மொழி அறியாத கிறிஸ்தவர்களும் கிரேக்கர்கள் என்று கணக்கெழுதி அனுப்பப்பட்டார்கள். ஆனால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அந்தக் கிறிஸ்தவர்களில் பெரும்பாலோர் ஒப்பந்தம் வருவதற்கு முன்பே, 1922ஆம் ஆண்டுப் போரில் உயிருக்குப் பயந்து ஓடிவிட்டவர்கள். ஒப்பந்தம் அவர்களுக்குச் செய்தது, அனுமதியின்றி இனித் திரும்பி வரக்கூடாது என்று எழுதி வைத்ததுதான்.

அந்தக் காலத்தில் இது அநாகரிகமாகக் கருதப்படவில்லை. 1937இல் பிரிட்டிஷ் அரசு அமைத்த பீல் ஆணையம் பாலஸ்தீனத்தைப் பிரிக்கப் பரிந்துரைத்தபோது, லோசானைத்தான் எடுத்துக்காட்டியது. ஆணையம் வரைந்த யூத அரசுக்குள் சுமார் 2,25,000 அரபியர்கள் இருந்தார்கள். அரபுப் பகுதியில் இருந்த யூதர்களோ சுமார் 1,250 பேர். இந்தக் கணக்கில் பரிமாற்றம் என்ற சொல்லுக்கு என்ன பொருள்? ஒரு தரப்பை அகற்றுவதற்கு அது ஒரு மரியாதையான பெயர், அவ்வளவே.

அண்ணல் அம்பேத்கரும் 1940இல் எழுதிய 'பாகிஸ்தான் பற்றிய சிந்தனைகள்' நூலில் துருக்கி, கிரீஸ், பல்கேரியா அனுபவத்தைச் சுட்டிக்காட்டி மக்கள் பரிமாற்றத்தைப் பரிசீலித்தார். அதை மறைக்க வேண்டியதில்லை. இரண்டு நாடுகளிலும் சிக்கிக்கொள்ளப் போகும் சிறுபான்மையினரின் பாதுகாப்பே அவருடைய கவலை. பாலஸ்தீனத்தில் பேசப்பட்டது வேறு. அங்கே நாடு முழுவதிலும் பெரும்பான்மையாக இருந்த மக்களை நகர்த்தி, புதிதாக ஒரு பெரும்பான்மையை உருவாக்குவது பற்றிய பேச்சு அது.

அரபு மக்களின் எழுச்சி மூண்டிருந்த நேரத்தில் பிரிட்டன் பின்வாங்கியது. 1938இல் உட்ஹெட் ஆணையம் பீல் ஆணையத்தின் பிரிவினைத் திட்டம் நடைமுறைக்கு ஒவ்வாது என்று அறிக்கை கொடுத்தது. நடைமுறைக்கு ஒவ்வாது என்று எழுதிய மை காய்ந்து பத்தே ஆண்டுகளில் அந்த வெளியேற்றம் நடந்தது.

1947 டிசம்பர் தொடங்கி 1949 வரை ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனர்கள் வீடிழந்தார்கள். நானூறுக்கும் மேற்பட்ட ஊர்கள் வெறிச்சோடின. இதைத்தான் அவர்கள் நக்பா, பேரழிவு என்கிறார்கள். எல்லோரையும் ஒரே உத்தரவில் யாரும் வெளியேற்றவில்லை. 1948 ஏப்ரல் 9 அன்று டெய்ர் யாசின் கிராமத்தில் படுகொலை நடந்தது. அந்தச் செய்தி பக்கத்து ஊர்களைக் கிலிபிடிக்க வைத்தது. ஹைஃபாவில் குண்டுவீச்சுக்கு நடுவே மக்கள் துறைமுகத்துக்கு ஓடிப் படகேறினார்கள். ஜூலையில் லித்தா, ரம்லா நகரங்களிலிருந்து ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் நேரடி உத்தரவின் பேரில் வெயிலில் நடத்தி விரட்டப்பட்டார்கள். போர் ஓய்ந்த பிறகும் இது நிற்கவில்லை. அல்-மஜ்தல் நகரில் எஞ்சியிருந்த பாலஸ்தீனர்கள் 1950இல் காஸாவுக்கு அனுப்பப்பட்டார்கள். அந்த நகரம் இன்று அஷ்கெலோன்.

போர் நடக்கும்போது மக்கள் ஓடுவது உலகெங்கும் நடப்பதுதான். போர் முடிந்ததும் அவர்கள் வீடு திரும்புவார்கள். பாலஸ்தீனத்தில் அந்தத் திரும்புதல்தான் தடுக்கப்பட்டது. அகதிகளைத் திரும்ப விடுவதில்லை என்று இஸ்ரேலிய அமைச்சரவை 1948 ஜூனிலேயே முடிவெடுத்தது. திரும்ப விரும்புவோரை அனுமதிக்க வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபை அதே ஆண்டு டிசம்பர் 11 அன்று 194ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. பலனில்லை. ஊர்கள் இடிக்கப்பட்டன. 1950ஆம் ஆண்டு 'இல்லாதோர் சொத்துச் சட்டம்' அவர்களுடைய நிலத்தையும் வீட்டையும் அரசின் கைக்கு மாற்றியது. தன் வயலைப் பார்க்க எல்லை தாண்டி வந்தவர் 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஊடுருவல்காரர் ஆனார். துப்பாக்கி பாதி வேலையைத்தான் செய்தது. மீதியைச் செய்தது சட்டமும் பதிவேடும்.

1967லும் இதுவே நடந்தது. மூன்று இலட்சம் அளவிலான மக்கள் வெளியேறினார்கள். மிகச் சிறு பகுதியினரே திரும்ப அனுமதிக்கப்பட்டார்கள். இம்வாஸ், யாலோ, பெய்த் நூபா ஆகிய மூன்று ஊர்கள் தரைமட்டமாக்கப்பட்டு, அந்த நிலத்தில் ஒரு பூங்கா எழுந்தது.

இனித் தோல்விகளைப் பார்ப்போம். 1950களின் தொடக்கத்தில் எகிப்து அரசும் ஐ.நா.வின் அகதிகள் நிவாரண அமைப்பும் சேர்ந்து, காஸா அகதிகளில் பல்லாயிரம் பேரைச் சினாய் பாலைவனத்தில் குடியமர்த்தத் திட்டமிட்டன. 1955 மார்ச்சில் காஸா வீதிகளில் இறங்கியது. ஆசிரியரும் கம்யூனிஸ்ட் கவிஞருமான முயின் பசைசோ அந்தப் போராட்டத்தின் முன்வரிசையில் நின்று சிறை சென்றார். திட்டம் கைவிடப்பட்டது. 1969இல் காஸாவிலிருந்து 60,000 பேரைப் பராகுவேக்கு அனுப்ப இஸ்ரேல் இரகசிய ஏற்பாடு செய்தது. போனவர்கள் மிகச் சிலர். 1992 டிசம்பரில் 415 பாலஸ்தீனர்களை இஸ்ரேல் தெற்கு லெபனானில் கொண்டுபோய் இறக்கியது. அவர்களை ஏற்க லெபனான் மறுத்தது. அவர்களும் அங்கிருந்து அகல மறுத்து, மர்ஜ் அல்-ஜுஹூரில் பனியில் கூடாரம் அடித்துக் கிடந்தார்கள். உலகம் பார்த்துக்கொண்டிருந்தது. ஓராண்டுக்குள் அவர்களைத் திரும்ப ஏற்க வேண்டியதாயிற்று.

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் கணக்கு தெளிவாகிறது. மொத்த வெளியேற்றத்துக்கு மூன்று தேவை: போர் என்னும் திரை, ஏற்றுக்கொள்ளும் ஒரு நாடு, திரும்ப முடியாதபடி பூட்டிய கதவு. 1948இல் மூன்றும் கிடைத்தன. 1955, 1969, 1992 ஆண்டுகளில் ஏதோ ஒன்று கிடைக்காமல் போனது.

இன்று? திரை கிடைத்தது. 2023 அக்டோபர் 13 தேதியிட்ட இஸ்ரேலிய உளவுத்துறை அமைச்சக ஆவணம் ஒன்று காஸா மக்களைச் சினாய்க்கு மாற்றப் பரிந்துரைத்தது. காஸாவில் பத்தில் ஒன்பது பேர் இடம்பெயர்க்கப்பட்டார்கள். 2025 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் டிரம்ப் காஸாவைத் தன் நாடு எடுத்துக்கொள்ளும், மக்கள் வேறிடம் போகட்டும் என்றார். அடுத்த மாதமே 'தன்னார்வ' வெளியேற்றத்துக்கென ஓர் அலுவலகம் அமைக்க இஸ்ரேலிய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. குண்டு விழுந்து, தண்ணீர் நின்று, மருத்துவமனை இடிந்த பிறகு ஒருவர் கிளம்பினால் அது எந்த ஊர்த் தன்னார்வம்? 1949ஆம் ஆண்டு நான்காம் ஜெனீவா உடன்படிக்கையின் 49ஆம் பிரிவு கட்டாய இடமாற்றத்தைத் தடை செய்கிறது. 'தன்னார்வம்' என்ற சொல் அந்தப் பிரிவைத் தாண்டிக் குதிக்கக் கட்டிய ஏணி.

ஏற்கும் நாடு கிடைக்கவில்லை. எகிப்தும் ஜோர்டானும் மறுத்தன. அவர்களின் மறுப்பில் பாசத்தைவிடத் தங்கள் ஆட்சி பற்றிய பயமே அதிகம் என்பது நமக்குத் தெரியும். ஆனாலும் அது தடைதான். அதைவிடப் பெரிய தடை மக்கள். காஸாவில் வாழ்வோரில் பெரும்பாலோர் 1948 அகதிகளும் அவர்களின் சந்ததியினரும். ஒருமுறை வெளியே போனால் என்ன ஆகும் என்பது அவர்களுக்குத் தாத்தா பாட்டி சொன்ன குடும்பக் கதை. 2025 ஜனவரி 27 முதல் இலட்சக்கணக்கானோர் கடலோரச் சாலையில் நடந்தே வடக்குக் காஸாவுக்குத் திரும்பினார்கள். தங்கள் வீடு இடிபாடாகக் கிடக்கும் என்று தெரிந்தே நடந்தார்கள்.

எனவே நம் மதிப்பீடு இது: ஒரே வீச்சில் எல்லோரையும் வெளியேற்றுவது கடினம். துண்டு துண்டாக வெளியேற்றுவது கடினமில்லை, அது நடந்துகொண்டே இருக்கிறது. 1967 முதல் கிழக்கு ஜெருசலேமில் 14,000க்கும் மேற்பட்ட பாலஸ்தீனர்களின் வசிப்புரிமை பறிக்கப்பட்டிருக்கிறது. 2025 தொடக்கத்தில் மேற்குக் கரையின் ஜெனின், துல்கரம், நூர் ஷம்ஸ் முகாம்கள் காலியாக்கப்பட்டு, சுமார் 40,000 பேர் வெளியே தள்ளப்பட்டார்கள். இதற்கு எந்த நாட்டின் சம்மதமும் தேவைப்படவில்லை.

2025 செப்டம்பரில் டிரம்ப் வெளியிட்ட இருபது அம்சத் திட்டம், யாரும் காஸாவை விட்டுப் போகக் கட்டாயப்படுத்தப்பட மாட்டார்கள், போகிறவர்கள் திரும்பலாம் என்கிறது. காகிதத்தில் 194ஆம் தீர்மானமும் அப்படித்தான் சொன்னது. ஆகவே தோழர்களே, வெளியேறியவர்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். மருத்துவத்துக்கும் படிப்புக்கும் வெளியே போனவர் திரும்ப அனுமதிக்கப்பட்டாரா, இடிந்த வீட்டைக் கட்ட சிமென்ட் உள்ளே வந்ததா, நிலப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது, முகாமுக்குத் திரும்பப் பாதை திறந்ததா என்று கேளுங்கள். கூட்டத்தில் கேளுங்கள், துண்டறிக்கையில் கேளுங்கள், இஸ்ரேலோடு கைகுலுக்கும் நம் ஒன்றிய அரசிடமும் கேளுங்கள். 1948இல் உலகம் இந்தக் கேள்விகளைக் கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை காத்திராமல் எழுந்து போய்விட்டது.